ஜரிகையை வரைய நிஜத் தங்கமா, மஞ்சள் பெயிண்டா?

ரெனசான்ஸ் காலத்து போர்ட்ரெய்ட் ஒண்ண காப்பி பண்ணணும்னு உக்கார்றவங்க எல்லாரும் ஒரே எடத்துலதான் போய் முட்டிக்கிறாங்க. முகம் எப்படியோ வந்துடும், கை விரல் நாலு தடவ அழிச்சு வரைஞ்சா வந்துடும், ஆனா டிரஸ்ல இருக்கிற தங்க ஜரிகை இருக்கே, அதுக்கு என்ன பண்றதுன்னு தெரியாம படத்த சுவத்துல சாச்சு வச்சுட்டு ரெண்டு மாசம் அப்படியே விட்டவங்கள எனக்குத் தெரியும், அதுல நானும் ஒருத்தன். நிஜத் தங்க ரேக்கு, அதாவது ஊதினா பறக்கிற அளவு மெல்லிசா தட்டின தங்கத் தகடு, வாங்கி ஒட்டலாமா, தங்கப் பொடிய குழைச்சு தூரிகையால கோடு போடலாமா, கடையில டப்பால விக்கிற கோல்டு பெயிண்ட் போதுமா, இல்ல தங்கமே வேணாம்னு வெறும் மஞ்சளும் காவியும் வச்சே சமாளிக்கலாமான்னு நாலு வழி இருக்கு. நாலையும் நான் செஞ்சு பாத்துட்டேன், சிலத செஞ்சு அசிங்கமும் பட்டாச்சு.

முடிவ முதல்லயே சொல்லிடறேன், கடைசி வரைக்கும் படிக்க வச்சு சொல்ற பழக்கம் எனக்கு இல்ல. 1480க்கு அப்புறம் வந்த ஆயில் போர்ட்ரெய்ட்ட காப்பி பண்றீங்கன்னா மஞ்சள் பெயிண்ட்தான். அதுக்கு முன்னாடி காலத்து, தங்கப் பின்னணியோட இருக்கிற மாதிரி படம்னா ரேக்கு. உள்ளங்கை அளவு மினியேச்சர்னா தங்கப் பொடி. டப்பா கோல்டு பெயிண்ட் எதுக்குமே இல்ல. ஏன்னு கேட்டா அதுக்குத்தான் மீதி எல்லாம்.

வரையுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கணும். படத்துல இருக்கிறது தறியில நெய்த ஜரிகையா, ஊசியால தச்ச எம்ப்ராய்டரியா? பாதிப் பேரு ரெண்டையும் எம்ப்ராய்டரின்னே சொல்லிடுறாங்க. பிளாரன்ஸ் உஃபிஸி மியூசியத்துல பிரான்சினோ 1545 வாக்குல வரைஞ்ச எலியோனோரா ஆஃப் டொலேடோ படம் இருக்கு, பக்கத்துல அவங்க சின்னப் பையன் ஜியோவானி நிப்பான், அந்த கவுன்ல வெள்ளைப் பட்டு மேல கறுப்பு வெல்வெட் கொடி ஓடும், நடு மார்புல பெருசா ஒரு மாதுளம்பழ டிசைன் தங்கத்துல இருக்கும். அது தச்சது இல்ல, நெய்தது, தங்க இழைய சின்னச் சின்ன வளையமா மேல தூக்கி விட்டு நெய்வாங்க, அதனாலதான் அந்த எடம் சொரசொரன்னு மின்னுது. அந்த டிரஸ்ஸோடதான் 1562ல அந்தம்மாவ புதைச்சாங்கன்னு ரொம்ப நாளா ஒரு கதை ஓடிச்சு, 1857ல கல்லறைய திறந்தாங்க, அதுல இருந்த உடுப்ப பின்னாடி சரிபண்ணி இப்ப பித்தி அரண்மனையில வச்சிருக்காங்க, அது வேற டிரஸ்.

இந்த வித்தியாசம் வரையுறவனுக்கு எதுக்குன்னா, நெய்த டிசைன் துணியோட சேந்து மடிப்புக்குள்ள போய் காணாம போகும், தையல் வர்ற எடத்துல பூ பாதியில அறுந்து நிக்கும், அடுத்த துண்டுல வேற பூவோட பாதி ஆரம்பிக்கும். தச்ச எம்ப்ராய்டரி அப்படி இல்ல, அது கழுத்தோரம், கை ஓரம், அடி விளிம்புன்னு வெட்டின வடிவத்தப் பாத்து கூடவே ஓடும், அதோட வெயிட்டுல துணி வெறைச்சுக்கிட்டு நிக்கும். கல்யாணத்துக்கு ஆரி ஒர்க் பண்ண பிளவுஸ மடிச்சு வச்சுப் பாத்திருப்பீங்க, மடியவே மடியாது இல்லையா, அதேதான். எம்ப்ராய்டரி பட்டைல நுணுக்கமா சுருக்கம் வரைஞ்சு வச்சீங்கன்னா எவ்ளோ தங்கம் போட்டாலும் அது பட்டை மாதிரி தெரியாது, ரிப்பன் மாதிரிதான் தெரியும்.

அந்தக் காலத்து தங்க நூலு எப்படி இருக்கும்னும் தெரிஞ்சுக்கிறது நல்லது. அது முழுத் தங்கக் கம்பி கிடையாது. தங்க முலாம் பூசின வெள்ளிய மெல்லிசா நாடா மாதிரி தட்டி, ஒரு பட்டு நூலு மேல சுத்தி எடுப்பாங்க, நம்ம காஞ்சிபுரம் பட்டுக்குப் போடுற அசல் ஜரிகையும் கிட்டத்தட்ட இதே கட்டமைப்புதான். உள்ள இருக்கிற பட்டு மஞ்சளா இருந்தா இடைவெளில தெரிஞ்சாலும் சூடான நிறமா தெரியும். இந்த நூல துணிக்குள்ள விட்டு விட்டு எடுத்தா உலோகம் உரிஞ்சிடும், அதனால நூல துணி மேல படுக்க வச்சு, வேற மெல்லிய பட்டு நூலால அங்கங்க பிடிச்சுத் தைப்பாங்க, கவுச்சிங்னு பேரு. ஆக வரையும்போது நீங்க காட்ட வேண்டியது மேல படுத்திருக்கிற, உருண்டையான, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் வாங்குற ஒரு கயிறு, தட்டையான மஞ்சக் கோடு இல்ல.

இப்ப ரேக்குக்கு வரேன். இத்தாலியில 1400 வாக்குல சென்னினோ சென்னினின்னு ஒரு ஓவியர் தொழில் குறிப்பு எழுதி வச்சிருக்கார், அதுல தங்கத் துணி வரையுறதுக்கு தெளிவா வழி சொல்றார். பலகைல சுண்ணாம்புப் பூச்சு போட்டு, செம்மண் கலந்த களிம்பு தடவி, தண்ணி விட்டு ரேக்க ஒட்டி, கல்லால தேச்சு பளபளன்னு ஆக்கணும், அதுக்கு மேல முட்டை மஞ்சக் கருவுல குழைச்ச கலரு முழுசா பூசணும், பூசினது முழுசா இறுகறதுக்குள்ள டிசைன மேல ஏத்தி, மர ஊசியால கலர சுரண்டி எடுத்தா அடியில இருக்கிற தங்கம் டிசைனா வெளிய வரும். கடைசில அந்த தங்கத்து மேல சின்ன முத்திரை ஊசியால புள்ளி புள்ளியா குத்துவாங்க, ஒவ்வொரு குழியும் தனித்தனியா வெளிச்சம் பிடிச்சு நூலு நெய்த மாதிரியே மினுங்கும். சிமோனே மார்த்தினி 1333ல வரைஞ்ச, மரியாளுக்கு தேவதூதன் சேதி சொல்ற அறிவிப்பு படத்துல அந்த தேவதூதன் போட்டிருக்கிற துணியப் பாருங்க, இந்த மாதிரி தங்க வேலை எவ்ளோ தூரம் போகும்னு அதுல தெரியும்.

இதுல எனக்குப் பிடிச்ச சங்கதி ஒண்ணு இருக்கு. அதே காலத்து எம்ப்ராய்டரிக்காரங்களும் இதே மாதிரிதான் யோசிச்சிருக்காங்க. ஓர் நுவேன்னு ஒரு முறை, தங்க நூல வரிசையா நெருக்கி எடம் பூரா படுக்க வச்சுடுவாங்க, அப்புறம் அத பிடிச்சுத் தைக்கிற கலர் பட்டு நூல நிழல் வேணுங்கிற எடத்துல நெருக்கமாவும் வெளிச்சம் வேணுங்கிற எடத்துல தள்ளித் தள்ளியும் தைப்பாங்க, அடியில தங்கம், மேல கலர், கலர் எவ்ளோ மூடுதோ அவ்ளோ நிழல். சுரண்டுற முறையும் அடியில தங்கம் மேல கலர்தான். பிளாரன்ஸ் ஞானஸ்நானக் கோயிலுக்காக அந்தோனியோ பொல்லாயுவோலோ 1466லேர்ந்து டிசைன் வரைஞ்சு குடுத்து தச்ச உடுப்போட 27 துண்டு இன்னும் அங்க கதீட்ரல் மியூசியத்துல இருக்கு, யோவான் ஸ்நானகனோட கதைய ஊசியாலயே படமா பண்ணியிருக்காங்க. பொல்லாயுவோலோ வீட்டு ஆளுங்க வரைஞ்ச பெண்கள் போர்ட்ரெய்ட்ல கைத்துணி ஏன் அவ்ளோ நம்புற மாதிரி இருக்குன்னா இதுதான், நூலு எப்படிப் போகும்னு தெரிஞ்ச கை.

சரி, ரேக்கு போடலாம்னு முடிவு பண்ணா எவ்ளோ வேணும்? கடையில கெடைக்கிற ஒரு புக்குல 25 ரேக்கு, ஒவ்வொண்ணும் 8 சென்டிமீட்டர் சதுரம், அதாவது 64 சதுர சென்டிமீட்டர். லண்டன் நேஷனல் கேலரில பெல்லினி வரைஞ்ச டோஜே லொரெதான் படம் இருக்கே (டோஜேன்னா வெனிஸ் அரசோட தலைவர்), அது 61.4க்கு 44.5 சென்டிமீட்டர். அதுல பாதி டிரஸ்னு வச்சுக்கிட்டா சுமாரா 1,366 சதுர சென்டிமீட்டர், 21 ரேக்கு கணக்கு வருது, ஆனா ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும், தும்மினா பறந்துடும், கிழிஞ்ச எடத்துல ஒட்டுப் போடணும், ஆக ரெண்டு புக்கு. சென்னினோ காலத்துலயே இந்தக் கவலை இருந்திருக்கு, ஒரு டுக்காட் காசுலேர்ந்து தட்டுறவன் 145 ரேக்கு எடுக்கிறான், தட்டையான எடத்துக்கு நூறுக்கு மேல எடுக்காத கனமான ரேக்கா பாத்து வாங்குன்னு எழுதியிருக்கார். 600 வருஷம் முன்னாடியே மெல்லிசா தட்டி ஏமாத்துற பிரச்சினை.

காசு கூடப் பரவால்லீங்க, பெரிய பிரச்சினை வெளிச்சம். 1435ல ஆல்பெர்த்தி ஓவியத்தப் பத்தி எழுதின புத்தகத்துலயே இத போட்டு உடைச்சுட்டார். தங்க ரேக்கு ஒட்டின பலகைல, பளிச்சுன்னு இருக்க வேண்டிய எடம் பாக்குறவன் நிக்கிற எடத்தப் பொறுத்து கறுப்பா தெரியும், இருட்டா இருக்க வேண்டிய எடம் பளிச்சுன்னு அடிக்கும்னு சொல்றார். வர்ஜில் காவியத்துல வர்ற தீதோ ராணியோட அம்புக்கூடு தங்கம், முடிய கட்டினது தங்கம், இடுப்புப் பட்டை தங்கம்னு இருந்தாலும் நான் தங்கம் போட மாட்டேன், கலர வச்சே தங்கத்தோட ஒளிய காட்டுறவனுக்குத்தான் மரியாதைன்னு சொல்ற மனுஷன். எனக்கு ஆல்பெர்த்தியோட எல்லாத்துலயும் உடன்பாடு இல்ல, மெழுகுவத்தி ஆடுற கோயில்ல ரேக்கு உயிரோட அசையுற அழகு வேற எதுலயும் வராது, ஆனா வீட்டு ஹால்ல டியூப் லைட்டுக்குக் கீழ மாட்டுற படத்துக்கு அவர் சொன்னது அப்படியே பொருந்துது. போன்ல போட்டோ எடுத்துப் பாருங்க, ரேக்கு ஒட்டின எடம் ஒண்ணு பிரவுன் கலர்ல செத்துப் போய் இருக்கும், இல்ல வெள்ளையா வெடிச்சிருக்கும். நடுவுல ஒண்ணு வராது.

ரேக்குலயே இன்னொரு வழி, கலரெல்லாம் முடிச்சு காஞ்ச பிறகு ஒட்டுற எண்ணெய்ய தூரிகையால டிசைன் வேணுங்கிற எடத்துல மட்டும் கோடா போட்டு, லேசா பிசுபிசுன்னு ஆனதும் ரேக்க வச்சு அழுத்தி, மீதிய துடைச்சு எடுக்கிறது. மூணு மணி நேரத்துல பிடிக்கிற எண்ணெய், பன்னெண்டு மணி நேரத்துல பிடிக்கிற எண்ணெய்னு விதம் விதமா விக்கிறாங்க. ஓரக் கரை, கழுத்துப் பட்டைக்கு இது நல்லா வரும், ஏன்னா கோடு மேல தூக்கி நிக்கும், கவுச்சிங் பண்ண நூலு மாதிரியே. ஆனா ஒரு எச்சரிக்கை, ரேக்குக்கு எது எண்ணெய் எது பெயிண்டுன்னு தெரியாது, எங்க பிசுபிசுப்பு இருக்கோ அங்க ஒட்டும். நான் மூணு வாரம் காஞ்சிடுச்சுன்னு நம்பி கழுத்துப் பட்டைக்கு ரேக்கு வச்சேன், படத்துல இருந்த அம்மாவோட கீழுதடும் மூக்கு நுனியும் தங்கமாயிடுச்சு. வீட்டுல எல்லாரும் மூக்குத்தி நல்லா இருக்குன்னு சொன்னாங்க. அப்புறம் ஸ்க்ரேப் பண்ணி எடுத்ததுல முகமும் போச்சு. முன்னாடியே படம் பூரா முட்டை வெள்ளைக்கரு மெல்லிசா தடவி காய விட்டிருந்தாலோ, பவுடர் தட்டி விட்டிருந்தாலோ தப்பிச்சிருக்கலாம்.

மூணாவது தங்கப் பொடி. ரேக்க தேனோட இல்ல உப்போட சேத்து அரைச்சு, கழுவி, வேலம்பிசின் மாதிரி பிசின் தண்ணில குழைச்சு வைப்பாங்க. பழைய காலத்துல சிப்பி ஓட்டுல வச்சு வித்ததால ஷெல் கோல்ட்னு பேரு. இது பெயிண்ட் மாதிரியே தூரிகைல வரும், முடி மாதிரி கோடு இழுக்கலாம். போத்திச்செல்லி வீனஸ் பிறப்பு படத்துல தலைமுடில மின்னுற கோடு இதுதான், ராபேலோட ஆரம்ப கால மடோன்னா படங்கள்ல முக்காட்டோட விளிம்புல ஓடுற மெல்லிசான தங்கக் கரையும் இதே சமாச்சாரம். மாட்ரிட்ல இருக்கிற ஹோல்பைனோட எட்டாம் ஹென்றி படம் வெறும் 28க்கு 20 சென்டிமீட்டர்தான், புத்தக சைஸு, அதுல நகையிலயும் உடுப்புலயும் தங்கத்தையே போட்டிருக்கார், கிட்ட வச்சுப் பாக்குற படம்ங்கிறதால எடுபடுது. இங்கிலாந்துல அவருக்கு அப்புறம் வந்த நிக்கோலஸ் ஹில்லியார்ட் உள்ளங்கைக்குள்ள அடங்குற மினியேச்சர்ல தங்கப் பொடி வச்சு, அத மரநாய் மாதிரி சின்ன மிருகத்தோட பல்ல குச்சில கட்டி தேச்சு பளபளப்பாக்குவாராம். நான் பல்லுக்கு எங்க போறது, அகேட் கல்லு வச்சு தேச்சேன், வேலை நடக்குது.

இதோட கஷ்டம் என்னன்னா தண்ணில கரைச்ச பொடி, ஆயில் மேல போட்டா தாமரை இலை மேல தண்ணி மாதிரி உருண்டு ஓடும். பூண்டு ஒரு பல்ல வெட்டி அந்த எடத்துல லேசா தேச்சா பிடிக்கும், சென்னினோவும் பூண்டு சாறுலயே ரேக்கு ஒட்டுற பசை பண்ணச் சொல்றார். கிச்சன்ல ரசத்துக்கு வச்சிருந்த பூண்ட எடுத்துட்டுப் போய் ஓவியம் வரையுறேன்னு சொன்னா வீட்டுல என்ன மரியாதை கெடைக்கும்னு நான் சொல்லத் தேவையில்ல. அப்புறம் மேல வார்னிஷ் அடிச்சா தங்கத்தோட பளபளப்பு பாதி போயிடும், வார்னிஷ் அடிக்கலன்னா மத்த கலரெல்லாம் மங்கலா இருக்கும், இதுக்கு ஒரு சுமுகமான வழி நான் இன்னும் பாக்கல. பெரிய பரப்புக்கு பொடி போட்டீங்கன்னா அது ரேக்கு மாதிரி கண்ணாடியா மின்னாது, மணல் மாதிரி மந்தமா கெடக்கும். ஆகவே கோடுக்கும் புள்ளிக்கும் மட்டும்.

டப்பா கோல்டு பெயிண்டப் பத்தி அதிகம் பேச ஒண்ணுமில்ல. பித்தளைப் பொடி கலந்தது நாளாவட்டத்துல பச்சை பாஞ்சு பழுப்பா ஆயிடும். அக்ரிலிக்ல வர்றது மைக்கா, அது கறுக்காது, ஆனா கிரீட்டிங் கார்டு மாதிரி இருக்கும், ரெனசான்ஸ் முகத்துக்குப் பக்கத்துல வச்சா நாடகக் கம்பெனி ராஜா மாதிரி ஆயிடும். செம்பும் துத்தநாகமும் கலந்த இமிடேஷன் ரேக்கு பழகிப் பாக்க மட்டும் வாங்கிக்கோங்க.

இனி மஞ்சள் பெயிண்ட். இங்கதான் விஷயமே இருக்கு. வான் ஐக் 1436ல முடிச்ச வான் டெர் பாலே பாதிரியார் படம் புரூஜ் நகரத்துல இருக்கு, அதுல புனித தொனாஷியன் போட்டிருக்கிற நீலமும் தங்கமுமான மேலங்கில ஒவ்வொரு இழையும் தனித்தனியா தெரியும், ஓரப் பட்டைல எம்ப்ராய்டரி பண்ண உருவங்க கூட இருக்கு, பட்டை மடங்குற எடத்துல அந்த உருவமும் சேந்து மடங்குது. அதெல்லாம் பெயிண்ட். அதுக்கு அவங்க கையில இருந்த ஆயுதம் லெட்-டின் யெல்லோன்னு ஒரு மஞ்சள், ஈயத்தையும் வெள்ளீயத்தையும் சேத்து சூடு பண்ணி எடுக்கிறது, எலுமிச்சை மாதிரி குளிர்ச்சியான கெட்டி மஞ்சள். 1750 வாக்குல அது வழக்கத்துலேர்ந்தே காணாம போச்சு, பழைய படத்துல இருக்கிற மஞ்சள் என்னன்னே பல பேருக்குத் தெரியாம இருந்து, 1941ல மூனிச்ல ரிச்சர்ட் யாகோபிங்கிறவர்தான் ஆராய்ஞ்சு அடையாளம் கண்டுபிடிச்சார். அசல் இன்னிக்கும் சில கடைகள்ல கெடைக்குது, ஆனா ஈயம், சின்னப் புள்ளைங்க இருக்கிற வீட்டுல வைக்காதீங்க, அதே நிறத்துல ஈயமில்லாத கலவை விக்கிறாங்க, அது போதும்.

ஆபீஸ் வேலையா லண்டன் போனப்ப கெடைச்ச அரை நாள்ல நான் டோஜே லொரெதான் முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன், பக்கத்துல ஒரு ஸ்கூல் கூட்டம் வந்துட்டுப் போச்சு, இன்னொரு கூட்டம் வந்துச்சு, நான் நகரல. 1501, 1502 வாக்குல வரைஞ்சது. அந்த ஆளோட முகம் பீங்கான் மாதிரி வழவழன்னு இருக்கும், தூரிகை பட்ட தடமே தெரியாது. ஆனா உடுப்புக்கு வந்தா வெள்ளைப் பட்டு மேல தங்க டிசைன் இருக்கிற எடத்துல பெயிண்ட வேணும்னே தடிமனா, சொரசொரப்பா விட்டிருக்கார் பெல்லினி. முகத்துல ஒரு மேடு பள்ளம் கூட இல்லாம பண்ணத் தெரிஞ்ச மனுஷனுக்கு துணில வழவழப்பா பண்ணத் தெரியாதா என்ன. அந்த சொரசொரப்பு மேல ரூம் வெளிச்சம் பட்டு, மேட்டுல பளிச்சுன்னும் பள்ளத்துல நிழலாவும் விழுது, நிஜ ஜரிகை வெளிச்சம் பிடிக்கிற அதே முறையில. அதாவது நிறத்தால மட்டும் தங்கத்த காட்டல, மேற்பரப்பாலயும் காட்டியிருக்கார். தஞ்சாவூர் படத்துல சுக்கான் மாவு வச்சு மேடு பண்ணி அதுக்கு மேல தங்கம் ஒட்டுவாங்களே, இங்க மேடு இருக்கு, தங்கம் மட்டும் இல்ல. நீங்க எடம் மாறி நின்னு பாத்தாலும் மின்னல் லேசா நகரும், ஆனா ரேக்கு மாதிரி ஒரேயடியா கறுத்துப் போகாது. ஆல்பெர்த்தி சொன்ன குறையும் இல்ல, ரேக்கோட உயிரும் கொஞ்சம் மிச்சமிருக்கு. இந்த ஒரு படத்தப் பாத்ததுக்கு அப்புறம்தான் என் ரேக்கு புக்க அலமாரில வச்சுப் பூட்டினேன்.

பெயிண்ட்லயே எல்லாரும் ஒரே மாதிரி பண்ணல, அதையும் யோசிச்சுத்தான் தேர்வு பண்ணணும். கிர்லாந்தையோ வரைஞ்ச ஜியோவானா தோர்னபுவோனி படத்துல, அந்தப் பொண்ணு 1488ல பிரசவத்தோட செத்துப் போச்சு, மேலங்கில புருஷன் லொரென்சோவோட எல் எழுத்தும் அவங்க வீட்டு வைரச் சின்னமும் தங்க நெசவுல இருக்கும், முட்டை மஞ்சக் கருவுல குழைச்ச கலருக்கே உரிய மெல்லிசான கோடு கோடா போட்டு காட்டியிருக்கார். முட்டைக் கலரு உடனே காஞ்சிடும், குழைக்க முடியாது, அதனால கோடு போட்டே ஆகணும், ஜரிகையும் கோடுதான், ரெண்டும் ஒத்துப் போகுது. பொறுமைசாலிக்கு இந்த வழி. டிஷியன் அதுக்கு நேர் எதிர், கோடு கோடா போடாம தட்டுத் தட்டா வைக்கிற ஆளு. பித்தில இருக்கிற லா பெல்லா படத்தப் பத்தித்தான்னு சொல்றாங்க, 1536ல உர்பினோ டியூக் வெனிஸ்ல இருந்த தன் ஆளுக்கு லெட்டர் போட்டு அந்த நீல உடுப்பு போட்ட பொண்ணு படத்த முடிக்கச் சொல்லுன்னு கேக்கிறார், பேரு சொல்லல, டிரஸ்ஸதான் சொல்றார். வயசாக ஆக டிஷியன் கை இன்னும் தாராளமாயிடுச்சு, கடைசி காலப் படங்கள கிட்டப் போய்ப் பாத்தா ஒண்ணும் புரியாது, தள்ளி நின்னா முழுசா தெரியும்னு அந்தக் காலத்து ஓவியர்களோட வாழ்க்கைக் கதைய எழுதின வசாரியே எழுதி வச்சிருக்கார். அவசரக்காரங்க எல்லாம் இதப் படிச்சுட்டு டிஷியன் வழிதான் ஈசின்னு வருவாங்க, வராதீங்க, எங்க ஒரு தட்டு போதும்னு தெரியறதுக்கு பத்து வருஷம் ஆகும்.

நான் இப்ப பண்றது இதுதான். தங்கம்னா மஞ்சள்னு மனசுல இருக்கிறத முதல்ல தூக்கிப் போட்டுட்டு, வீட்டுல இருக்கிற ஒரு ஜரிகைப் புடவைய ஜன்னல் பக்கத்துல மடிச்சுப் போட்டு பாருங்க. முக்கால்வாசி எடம் பழுப்பு, ஒரு பக்கம் பச்சை கலந்த சாம்பல், பக்கத்துல சிவப்பு இருந்தா ஆரஞ்சு, மஞ்சள்னு சொல்ற மாதிரி இருக்கிறது கொஞ்சம்தான், பளிச்சுன்னு வெள்ளையா இருக்கிறது அதுலயும் சொற்பம். ரா அம்பர்ங்கிற கரும்பழுப்பும் ஓக்கர்ங்கிற மண் மஞ்சளும் கலந்து டிசைன முழுசா ஒரே இருட்டு நிறத்துல போட்டு காய விடுவேன். அப்புறம் ஓக்கர்ல வெளிச்சம் வர்ற பக்கம் மட்டும் சின்னச் சின்ன தட்டு, நூலு போற திசைல. கடைசியா மடிப்போட உச்சில மட்டும் லெமன் மஞ்சளும் வெள்ளையும் கலந்து கெட்டியா புள்ளி வைப்பேன், அதத் தேய்க்கவே கூடாது, வச்சது வச்சபடி நிக்கணும். எல்லா எடத்துலயும் புள்ளி வச்சா பூந்தி லட்டு மாதிரி ஆயிடும். நூலுக்கு ஒரு கோடுன்னும் கணக்குப் போடாதீங்க, நிஜ அளவு போர்ட்ரெய்ட்லயே ஒரு இழை ஒரு மில்லிமீட்டர் கூட வராது, ஒரு தட்டு நாலஞ்சு இழைக்கு நின்னா போதும்.

இதுலயும் பெயிண்ட் பக்கம் குறை இல்லாம இல்ல. நேரம் தின்னும், மூணு அடுக்குக்கும் நடுவுல காயணும், தடிமனா வச்ச வெள்ளை சீக்கிரம் காயாது. தப்பு பண்ணா ரேக்கு மாதிரி பளபளப்புல மறைக்க முடியாது, வரையத் தெரியலங்கிறது அப்படியே தெரியும். பரிசு குடுக்கப் போறீங்க, வாங்குறவங்களுக்கு தங்கம் போட்டிருக்குன்னு சொன்னாத்தான் சந்தோஷம்னா, கழுத்துப் பட்டைக்கோ மோதிரத்துக்கோ ஒரு கோடு தங்கப் பொடி வச்சுடுங்க, டிரஸ் பூரா பெயிண்ட்லயே இருக்கட்டும், ரெண்டும் சேந்து வர்றது அந்தக் காலத்துலயும் இருந்ததுதான். ஆனா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வேணாம், நிஜத் தங்கம் பக்கத்துல வந்தா பெயிண்ட் மஞ்சள் பொய்யின்னு காட்டிக் குடுத்துடும்.

சின்னதா ஆரம்பிக்கணும்னா மோனா லிசாவோட கழுத்தோரத்த மட்டும் எடுத்துக்கோங்க. முகத்தையும் சிரிப்பையும் பாத்த கூட்டத்துல பாதிப் பேரு அங்க முடிச்சு முடிச்சா பின்னிப் போற எம்ப்ராய்டரி இருக்கிறதையே பாத்திருக்க மாட்டாங்க, லியனார்டோவுக்கு அந்தப் பின்னல் டிசைன்னா உசுரு. ஒரு கை அகல கேன்வாஸ்ல அந்தப் பட்டைய மட்டும் பெரிசா பண்ணிப் பாத்தா பழுப்பு மேல எவ்ளோ குறைச்சலா மஞ்சள் போட்டா போதும்னு கைக்குத் தெரிஞ்சுடும்.

என்னோட டோஜே வலது தோள் வரைக்கும் வந்திருக்கார். பெரிய உருண்டை பட்டன் ரெண்டு முடிஞ்சுது, மூணாவதுக்கு போன ஞாயித்துக்கிழமை வெள்ளைய தடிமனா வச்சேன், இன்னிக்குத் தொட்டுப் பாத்தேன், விரல் ரேகை அப்படியே பதிஞ்சுடுச்சு. இன்னும் ரெண்டு வாரமாவது விடணும், அதுக்கு மேலதான் மஞ்சள்.